தண்ணீரின் தலை

யூனுஸ் ராவுத்தரின் சைக்கிளில் இருபத்தொரு கியர்.
என்னுடையதிலும் அத்தனைதான்,
ஏழு மட்டும் சொன்ன பேச்சு கேட்கும்,
அந்த ஏழும் மெதுவான ஏழு.

கொழிஞ்சாம்பாறையில் முதல் பூசைக்கு மணி அடித்தபோது
நான் மூலத்தரை மதகைத் தாண்டியிருந்தேன்.
ஆறு நாள் பால் சொசைட்டியில் கொழுப்பு அளக்கிறவள்.
ஏழாம் நாள் கால்வாய்க் கரை.
ஆண்டவருக்கு விளங்கும்.
பங்குச் சாமியாரிடம்தான் ஏதாவது சொல்ல வேண்டும்.

கரை என்றால் ரோடு இல்லை.
எப்போதோ போன ஜீப்பின் இரண்டு தடம்,
நடுவில் முதுகெலும்பு போலப் புல்.
ஒரு பக்கம் தென்னந்தோப்பு, உச்சியில் கள்ளுப்பானைகள்.
மறு பக்கம் கால்வாய்:
வெடித்த சிமெண்ட், ஆட்டுப்புழுக்கை,
ஏப்ரலில் இருந்து கிடக்கும் ஒரு கோழிக்கூண்டு.
தெற்கே நெல்லியாம்பதி நீலமாய் நிற்கிறது.
அதற்கு எங்களிடம் வேலை இல்லை.
எங்களுக்குச் சின்ன மேடுகள் போதும்,
மூச்சு வாங்கத் தொடங்கும் முன்னே
இறக்கத்தைக் கையில் கொடுத்துவிடுகிற மேடுகள்.

மூன்றாவது பாலத்தருகே கருவேல முள்.
யூனுஸ் டயர் கடைக்காரன், பஞ்சரானது அவன் சக்கரம்.
தமிழில் வைதான்,
ட்யூபை உருவிக்கொண்டே மலையாளத்தில் பாடினான்.
நான் நிழல் தேடி உட்கார்ந்தேன்.

அப்போது நாய்கள் குரைத்தன.
பின்னாலேயே ஒரு சத்தம்,
யாரோ பழைய பேப்பரைக் கசக்குவது மாதிரி.
எட்டிப் பார்த்தால்
கால்வாய்க்குள் தண்ணீர் நடந்து வருகிறது.

ஓடி அல்ல, நடந்து.
ஆழியாற்றில் திறந்துவிட்டதாக வியாழனே பேச்சு அடிபட்டது.
யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
இங்கே தண்ணீர் பெரும்பாலும் ஓடுவது
ரெண்டு சர்க்காரின் கடிதங்களுக்குள்.

அதற்கு ஒரு தலை இருந்தது.
சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு,
ஒற்றை ரப்பர் செருப்பு, சர்பத் பாட்டில்,
தேங்காய் மட்டையின் மேல் குடும்பத்தோடு எறும்புகள்.
விரிசலைக் கண்டால் நின்றது.
அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி.
வழியெல்லாம் கடன் அடைத்துக்கொண்டே
ஊர் திரும்புகிற ஆள் போல.

அதோடு கூடவே போகலாம் என்றேன்.

வேகம் யாருக்கும் வரும்.
ஒரு தண்ணீருக்குப் பக்கத்தில்
அதன் அளவுக்கு மிதிப்பது வேறு வித்தை.
யூனுஸ் ஆடினான், சரிந்தான், காலை ஊன்றினான்.
முந்திப் போய் நின்றான், மறுபடி ஊன்றினான்.
என் ஏழு கியருக்குக் கல்யாணம் அன்றைக்கு.
ஹேண்டில் நடுங்க,
புல்லின் மேல் அங்குலம் அங்குலமாய்.

கிளை வாய்க்கால் ஷட்டரில்
மண்வெட்டியோடு வேலாத்தாள் நின்றிருந்தாள்,
எங்கள் சொசைட்டியில் ரெண்டு வேளையும் பால் ஊற்றுகிறவள்.
'தண்ணி வருதாமே, எவ்வளவு தூரத்துல?'
'இதோ, எங்கூடத்தான் வருது.'

அவள் சிரிக்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.
பாதத்தில் படும்வரை நம்பமாட்டேன் என்று
நின்ற மாதிரி இருந்தது.
பட்டது.
அப்புறமும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

கம்பாலத்தறை ஏரிக்குக் கொஞ்சம் முன்னால்
பாதை குன்றில் ஏறும், கால்வாய் அதைச் சுற்றி வரும்.
ஏறினோம். யூக்கலிப்டஸ் இலைகளில் சக்கரம் வழுக்க
அந்தப் பக்கம் இறங்கிக்
காய்ந்த படுகை ஓரம் உட்கார்ந்தோம்.
யூனுஸ் பொறை கொண்டுவந்திருந்தான்.
பத்து நிமிஷம்.
இருபது.
எத்தனை ஷட்டர், எத்தனை மோட்டார், எத்தனை விரிசல் என்று
அவன் கணக்குப் போட ஆரம்பித்தான்.
அளக்கிறவள் நான், சும்மா இருந்தேன்.

பேப்பர் கசங்கியது.

இளைத்துத்தான் வந்தது, பாதி அகலத்தில்.
நுரை இருந்தது. பாட்டில் இருந்தது.
மட்டையில் எறும்புகள் இன்னும் இறங்கவில்லை.
செருப்பை மட்டும் காணோம்.