மயிரிழை விட்டு

“உன் பின்சக்கரம் குடித்திருக்கிறது”
என்றாள் டோனா அட்டாலியா,
மீன்கூடையோடு பாதி வழியில் இறங்கிக்கொண்டாள்,
பாதிக் காசும் தரவில்லை.
பத்து மெட்டிகால் சவாரிக்கு நியாயம் கேட்டு நின்றால்
அடுத்த சவாரி போய்விடும்.
நின்றேன்.
போய்விட்டது.

நல்ல சகுனங்களின் ஆறு என்று
ஆற்றுக்குப் பெயர் வைத்த ஊர் கெலிமானே.
சகுனம் பார்த்தா சக்கரம் ஆடும்?
மருத்துவமனை மதிலோரம் வண்டியைக் கவிழ்த்து
ரிம்மைப் பிடித்து இடவலமாய் அசைத்தேன்.
டொக்.
டொக்.
கம்பி இல்லை, ரிம் இல்லை.
குடத்துக்குள்தான்.

பையில் எண்பத்தைந்து.
முஸாஜி கடையில் புதுக் குடம் நானூற்றைம்பது,
பெட்டியோடு வரும் என்கிறான்.
பெட்டிக்குள் நானா குடியிருக்கப் போகிறேன்?
“கோனை இறுக்கு, போதும்” என்றான் டெர்சியோ
தன் கேரியரில் மல்லாந்தபடி.
இறுக்கலாம்.
அதற்குத் தகடுபோல் மெலிந்த ஸ்பானர் வேண்டும்.
முஸாஜியிடம் உண்டு, தொட்டால் இருபது.
வெல்டரிடம் உண்டு,
வெல்டருக்கு நான் ஏற்கெனவே கடன்காரன்.

ஆகவே பழைய பதினைந்தாம் நம்பரை
சாக்கடைச் சிமெண்டு விளிம்பில் வைத்துத் தேய்த்தேன்.
தேய்த்தேன்.
பள்ளிப்பிள்ளைகள் போனார்கள், திரும்பி வந்தார்கள்.
விரல்நுனி தேய்ந்த அளவுக்கு
இரும்பும் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

நட்டு, வாஷர், கோன்,
கழற்றிய வரிசையிலேயே
எர்மீனியாவின் கப்புலானாத் துணிமேல் வைத்தேன்
(அவளுக்குத் தெரியாது).
கறுத்த கிரீஸ். செம்மண். ஏதோ பூச்சியின் கால்.
வலப்பக்கம் ஒன்பது குண்டு.
இடப்பக்கம் எட்டும், ஒன்றில் பாதியும்.
மீதிப் பாதி பொடியாகி
மற்றவை போகும் வழியில் கிடந்தது.

ஒற்றைக் குண்டு யாரும் விற்பதில்லை.
டெர்சியோ தன் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி
பளபளவென்று ஒன்று எடுத்துத் தந்தான்.
பழையதோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன்.
ஒரு நூல் பெரிது.
தேய்ந்தவர்கள் நடுவில் புதிதாய் வந்தவன்
எல்லார் பாரத்தையும் ஒருவனாய்த் தாங்கி
முதலில் அவனே உடைவான்,
உடையுமுன் கிண்ணத்தையும் கீறிவைப்பான்.
திருப்பிக் கொடுத்தேன்.
டெர்சியோவுக்குக் கோபம்.

எட்டே போட்டேன்.
அந்த ஒரு குண்டு இடத்தை
அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும்.
நகராட்சி அலுவலகம் அப்படித்தானே ஓடுகிறது.

பதினைந்துக்கு மண்ணெண்ணெய்.
இருபதுக்குப் பிளாஸ்டிக் தாளில் ஒரு கரண்டி கிரீஸ்.
குண்டுகள் அதில் பதிந்து உட்கார்ந்தன,
ஈறில் பல்போல.

அப்புறம்தான் வேலை.
கோனை இறுக்கினால் அரைக்கிறது,
விட்டால் ஆடுகிறது.
அரைக்கால் சுற்று முன்னே, அதில் பாதி பின்னே.
சரியாய் வந்தது என்று மேல்நட்டைப் பூட்டினால்
பூட்டுகிற பூட்டில் கோன் உள்ளே நகர்ந்து
மறுபடி அரைக்கிறது.
ஐந்து முறை.
மழை வந்து நனைத்துவிட்டுப் போனது.
ஆறாவது முறை
தலை யோசிப்பதை நிறுத்தியதும் கைக்குப் புரிந்தது:
பூட்டு ஒரு மயிரிழை தள்ளும்.
அந்த மயிரிழையை
முன்னாலேயே தளர்வாய் விட்டுவை.
ஆட்டம் இருக்கும்போதே பூட்டு.

பூட்டினேன்.
டொக் இல்லை.

சாயங்காலம் நாலு சவாரி.
சக்கரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டில் எர்மீனியா
துணியை விரித்துக் கறையைப் பார்த்தாள்.
கப்புலானா முந்நூறு.
நான் மிச்சம் பிடித்த கணக்கை
சொல்லலாமா என்று நின்றேன்.
அவள் போய் வண்டியின் பின்னை ஒரு கையால் தூக்கி
மறுகையால் சக்கரத்தைச் சுண்டிவிட்டாள்.
அது சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
நிற்கும்வரை
அவள் திட்டத் தொடங்கவில்லை.