ஏழாவது கேள்வி

வாசிகசாலை மூடியாயிற்று.
புள்ளிவிபரவியல் ஒப்படைக்கு
இன்னும் பதினொரு பேர் வேண்டும்.

கேள்வி ஏழு:
உங்களிடம் ஒரு துவக்கு இருந்தால்
பாதுகாப்பாக உணர்வீர்களா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடுக.

கொட்டாஞ்சேனை ரெமிஜியஸ்
தாள் கிழிய ஐந்தைச் சுற்றினான்.
போன மாதம் அவன் போகும் சலூனுக்குள்
ஹெல்மெட் கழற்றாமல் இரண்டு பேர் வந்தார்கள்.
கதிரையில் இருந்தவருக்குப்
பாதி முடிதான் வெட்டியிருந்ததாம்.
அடுத்த முறை இவனுடையது.

சச்சினி மூன்று போட்டாள்.
ஓட்டோவில் ஏறுமுன்
இலக்கத் தகட்டைப் படமெடுத்து
அக்காவுக்கு அனுப்புகிறவள்.
"துவக்கை வைத்திருந்தால்
அதைப் பறிக்க வருபவனுக்கும்
சேர்த்தல்லவா பயப்பட வேண்டும்?"

விசுவமடு நிரோஜன்
"எந்தத் துவக்கு?" என்றான்.
சும்மா, ஏதோ ஒன்று.
"சும்மா இருந்த துவக்கை
நான் காணேல்லை மச்சான்."
தாளை நாலாய் மடித்துத் திருப்பித் தந்தான்.
அவன் பதிலுக்கு
என் அட்டவணையில் நிரல் இல்லை.
வெறுமையாய் விட்டால்
கணினி அதைப் பூச்சியம் என்று கூட்டும்.

வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டிறங்கி
கடற்கரைப் பக்கம் போர்டிங்குக்கு நடக்கிறேன்.
பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்
வேகம் குறைகிறது.
இரண்டு ஹெல்மெட்.
மதிலோடு ஒட்டிக்கொள்கிறேன்.

கொத்துக்கடை வாசலில் நிறுத்தி
பின்னாலிருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான்.
என் வயதுதான். நெற்றியெல்லாம் வியர்வை.
"ரெண்டு சிக்கன், ஒன்றுக்கு உறைப்புக் குறைச்சு."

பைக்குள் என் கை
எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறது.
எடுத்துப் பார்க்கிறேன்.
பேனை.
மூடி கழன்று
உள்ளங்கையெல்லாம் நீலம்.