நாற்பத்தி நாலாம் பக்கம்

கொசப்பேட்டை ஏகாம்பரத்தின் பழைய பேப்பர் கடையில்
கிலோ மூணு ரூபாய்க்கு வந்தது அந்தப் புத்தகம்.
சீமைக்கே திரும்பிப்போன ஆஸ்பத்திரி டாக்டரம்மா
மூட்டை கட்டிப் போட்டுப் போனதில் ஒன்று.
அட்டையில் பச்சை டிராகன்.
உள்ளே விளையாட்டு இல்லை,
விளையாட்டைச் செய்கிற எழுத்து மட்டும்
எறும்புச் சாரியாய் எட்டுப் பக்கம்.

கம்ப்யூட்டர் ஜுனைத் வீட்டில் இருந்தது.
ஆர்.என். பாளையத்துக்கே அது ஒன்றுதான்.
தோல் விற்கப்போன மாமா
சட்டைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது.
ரப்பர் விசைகள்,
தொட்டால் நுங்கு போல் அமுங்கும்.

நான் படிப்பேன், அவன் அடிப்பான்.
"நூத்திப்பத்து. லெட் எக்ஸ் சமம் பதினாறு."
"அப்புறம் அரைப்புள்ளியா, முக்கால் புள்ளியா?"
"ஈ எச்சம் மாதிரி கீதுடா, தெரியல."

கத்திரி வெயில்.
அடாப்டர் மேல் ஈரத்துணி போடலாமா என்று யோசித்தோம்,
போடவில்லை, அதனால் உயிரோடு இருக்கிறோம்.
அறுநூறாம் வரியில் கரண்ட் போனது.
கேசட்டில் பதியாத அத்தனையும் போனது.
நாங்கள் போட்ட கூச்சலில்
அவன் உம்மா ஈரக்கையோடு ஓடிவந்து கேட்டார்:
"யாரு மவுத்து?"

மறுபடி பத்தாம் வரியிலிருந்து.

ஒன்பதாம் நாள்தான் கவனித்தோம்,
நாற்பத்திரண்டுக்கு அப்புறம் நாற்பத்தைந்து.
நடுத்தாள் எந்த வண்டியில்
வேர்க்கடலை சுமந்துகொண்டிருந்ததோ.

இருப்பதை வைத்து ஓட்டிப் பார்த்தோம்.
சாலிடேர் டிவியில் தொப்பிக்காரன் வந்தான்,
இக்கரையில் நின்றான்.
புத்தகம் சொன்ன ஆறு வரவில்லை,
தாவித்தாவிக் கடக்க வேண்டிய கட்டைகள் வரவில்லை,
முதலையும் இல்லை.
வெறும் திரையில் நடந்தே போய்ச் சேர்ந்தான்.
"பாலாறுடி இது" என்றான் ஜுனைத்.

அந்த லீவு முழுக்க ஜெயித்துக்கொண்டே இருந்தோம்.
ஜெயிப்பது அவ்வளவு போரடிக்கும் என்று
வேறெங்கும் எனக்குத் தெரியவந்ததில்லை.

இப்போது அந்த இதழ்கள் எல்லாம்
பக்கம் குறையாமல் போனிலேயே கிடைக்கிறதாம்.
நான் தேடவில்லை.

அந்தக் கார்த்திகையில் பாலாறு
இரு கரையும் தொட்டு வந்தது.
காட்பாடி பஸ் பாலத்தில் ஊர்ந்தது.
நடத்துநர் உட்பட எல்லோரும்
ஒரே பக்க ஜன்னலில் சாய்ந்தோம்.
செந்தண்ணீர். ஒரு கதவு. பந்தல்கால்.
அப்புறம் கட்டைகள்,
ஒவ்வொன்றாய், இடைவெளி விட்டு,
இடமிருந்து வலமாக.

பத்து வருஷமாய்ப் பேசாதவன் எண்ணைத் தேடி
ஒரு வரி அனுப்பினேன்:
"நாப்பத்தி நாலாம் பக்கம் கெடச்சிடுச்சி."

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பதில் வந்தது.
"மொதல கீதா?"