நாற்பத்தேழு

பட்டர்வொர்த்திலிருந்து வாடகைக்கு வந்த கன்சோல்.
நாளுக்கு நூற்றெண்பது ரிங்கிட், முன்பணம் தனி.
ஃபேடர்களுக்குக் கீழே யாரோ ஒட்டிய வெள்ளை டேப்,
அதில் சீன எழுத்து. எனக்குப் படிக்க வராது.

பாடாங் செராய், பள்ளி மண்டபம்.
தரையில் பூப்பந்துக் கோடுகள்.
குணாளன் சாரின் நாடகம், கட்டட நிதிக்கு.
கையுறை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து
தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் காட்சி பெரட்டு. இன்னும் விடியவில்லை.
ஒன்றும் இரண்டும் நீலம், நாற்பதில்.
ஏழை ஒரு மயிரிழை தூக்கினால்
கங்காணியின் தாடை தெரியும், கண் தெரியாது.
அது போதும்.
ரெக்கார்ட். எண். எண்டர்.
ஒரு விடியற்காலை பொத்தானுக்குள் போய்விட்டது.

இப்படியே
மழை, ஜப்பான்காரன், சயாமுக்குப் புறப்படும் லாரி,
லாரி போனபின் லயத்து வாசலில் மிஞ்சும் மஞ்சள்.
அந்த மஞ்சளுக்கு மட்டும் நாற்பது நிமிடம்.
சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் மஞ்சளைப் பார்த்தேன்.

நாற்பத்தாறு நிறைந்தது.
நாற்பத்தேழில் திரை கேட்டது:
இங்கே ஏற்கெனவே ஒரு காட்சி உள்ளது, மேலெழுதவா?

எல்லாவற்றையும் அழித்தவர் இதை மட்டும் ஏன் விட்டார்?
போட்டுப் பார்த்தேன். மேடை இருட்டு.
'அக்கா, பக்கத்துக் கதவுகிட்ட ஒண்ணு எரியுது!'
ஏணி மேலிருந்து யோகேஸ்.

சேனல் பதினொன்று, முப்பதில்.
வேறொரு மண்டபத்தில் அது நிலாவாக இருந்திருக்கும்,
அல்லது சவப்பெட்டி மேல் விழுந்த வெளிச்சமாக.
இங்கே பதினொன்றில் மாட்டியிருப்பது
தீயணைப்புக் குடுவைக்கு மேலே உள்ள விளக்கு.
கன்சோலுக்கு எண்தான் தெரியும்,
எண் எங்கே போய் எரிகிறது என்று தெரியாது.

மேலெழுதவில்லை.
கடைசி இருட்டை நாற்பத்தெட்டில் வைத்தேன்.

இரவு. முந்நூறு நாற்காலி, நின்றவர்கள் வேறு.
பிரவீணா, வயது பதினைந்து,
சயாமுக்குப் போன புருஷனுக்குக் காத்திருக்கும் அங்கம்மாளாக
அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறாள்.
'யாரது? வந்துட்டீங்களா?'

இருட்ட வேண்டும்.
கோ பொத்தானை அழுத்தினேன்.
கோ அடுத்த எண்ணுக்குத்தான் போகும்.
தூக்கமில்லாத தலைக்கு அது நினைவில்லை.

பக்கத்துக் கதவில் ஒரு ஆள்.
செம்பனையில் குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன்,
ரப்பர் பூட்ஸ், கையில் ரொட்டிப் பை,
சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறான்.
வெளிச்சம் தன்னைத்தான் அதட்டுகிறது என்று நினைத்து
கையைக் கண்ணுக்குக் குறுக்கே வைத்தான்.

முந்நூறு தலைகள் திரும்பின.
பிரவீணா அசையவில்லை,
விளக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் உயர்த்தினாள்.
அவன் என்ன செய்வதென்று தெரியாமல்
நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தான்.

மாஸ்டர் ஃபேடரில் என் விரல்.
இறக்கியிருக்கலாம்.
ஐந்து எண்ணினேன்.
ஏழாகவும் இருக்கும்.

கைதட்டல் ஓய்ந்தபின் கோயில் பொருளாளர் வந்து
'முடிவு பிரமாதம், எப்படி சார் தோணுச்சு?' என்றார்.
சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
'அது சும்மா, ஒரு யோசனை' என்றார்.
கதவடியில் யாரும் இல்லை.
பேர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்தான்.

ஞாயிறு காலை கன்சோலைத் திருப்பித் தர வேண்டும்.
என் நாற்பத்தாறையும் ஒவ்வொன்றாக அழித்தேன்,
விடியல், மழை, லாரி, நாற்பது நிமிட மஞ்சள்.
இருட்டைக்கூட அழித்தேன்.

நாற்பத்தேழைத் திறந்து உள்ளே பார்த்தேன்.
பதினொன்று: முப்பது.
மற்றதெல்லாம் பூஜ்யம்.
பூட்ஸ் இல்லை, ரொட்டிப் பை இல்லை.

அழிக்கவா என்றது.
இல்லை என்று அழுத்தி, மூடியைச் சாத்தினேன்.
வேன்காரர் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.