ஏழாவது வார்டு

ஊர்ப்பெயர் பள்ளத்தூர்.
வாசலெல்லாம் மேடு.
மூலைவீட்டு முகப்புக்கு ஒன்பது படி,
எதிர்வீட்டுக்கு ஏழு,
கைப்பிடி எதற்கும் கிடையாது.
கட்டியவர்கள் வெள்ளத்துக்குப் பயந்தார்களாம்.
பில் கலெக்டருக்குப் பயந்திருந்தாலும்
இவ்வளவுதான் உயர்த்தியிருப்பார்கள்.

நானும் கார்மேகமும் ஒரே நாளில் சேர்ந்தோம்.
அவனிடம் கேட்டார் செயல் அலுவலர்,
"அரையாண்டு என்னைக்கு முடியும்?"
அவன் கூரையைப் பார்த்தான்.
என்னிடம் கேட்டார்,
"படி ஏறுவியாம்மா?"
செப்டம்பர் முப்பது
என் வாயிலேயே இருந்தது.

சான்றிதழில் நான் அறுபத்தைந்து சதவீதம்.
ஒதுக்கீட்டில் நான்கு சதவீதம்.
சம்பளப் பட்டியலில் மட்டும்
முழுசாக ஓர் ஆள்:
சி. அழகுமீனாள், வரித்தண்டலர்.

"தபால் பிரிவுல உக்காந்துக்கம்மா,
ஃபேன் இருக்கு" என்றார்
தலைமை எழுத்தர் காசிலிங்கம்.
நல்ல மனுஷன்.
கெட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம்.
அவருக்குச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று:
"வார்டு குடுங்க சார்."

டீக்கடையில் கார்மேகம் சொன்னானாம்,
"அது கொல்லை வழியா வந்த கேஸு."

கொல்லை வழி அவனுக்கென்ன தெரியும்?
இங்கே ஒரு வீடு
ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிறது.
முன்னால் கஜலட்சுமி, இரண்டு யானை, ஒன்பது படி.
பின்னால்
நெல் வண்டி நுழைந்த அகலக் கதவு,
தரையோடு தரையாக.
மாடு படி ஏறாது என்று
அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

மூலைவீட்டில் பதினோரு வருஷ பாக்கி.
உரிமையாளர் பினாங்கில்.
எனக்கு முன்னால் வந்தவர்கள்
முகப்பில் கேட்பு நோட்டீஸை ஒட்டி,
போட்டோ எடுத்து,
இறங்கிவிட்டார்கள்.

நான் பின்தெருவுக்குப் போய் ஹாரன் அடித்தேன்.
காவல்கார சேவுகன் கதவைத் திறந்து
மூன்று சக்கரத்தைப் பார்த்தார்,
காலிப்பரைப் பார்த்தார்,
கடைசியாகத்தான் என்னை.
உள்ளே விட்டார்.

வண்டிக்கொட்டகை இருந்த இடத்தில்
வரிசையாக ஆறு அறை.
ஆறு ஏசி. ஆறு வாளி.
கொடியில் ஒரே நிறத்தில் பன்னிரண்டு துண்டு.
விருந்தினர் விடுதி, மூன்று வருஷமாக ஓடுகிறது.
பேரேட்டில் அந்த இடம்:
"காலி மனை, புதர்."

நாடாவின் ஒரு நுனியைச் சேவுகனே பிடித்தார்.
"பத்துக்குப் பன்னெண்டு, எழுதிக்கங்க."
அவருக்கு நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம்.

அதற்கப்புறம் நடந்ததில் எனக்குச் சம்பந்தமில்லை.
வரி வந்தது.
டிசம்பர் மூன்றாம் தேதி சால்வை போட்டார்கள்.
கலர் மைக்கில் ஒருவர்,
குறை ஒரு குறையே அல்ல என்றார்.
காசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பேசக் கூப்பிட்டபோது
நன்றி என்று மட்டும் சொல்லி இறங்கினேன்.
சொல்லாமல் வைத்துக்கொண்டது இது:

ஆறு அறையையும் கண்டுபிடிக்காதவளாக இருந்தாலும்
இந்த நாற்காலி எனக்கு வேண்டும்.
கார்மேகம் போல
மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர வேண்டும்.
ரசீதில் பூஜ்ஜியம் ஒன்று கூடப்போட்டு
திட்டு வாங்க வேண்டும்,
எல்லாரும் வாங்குகிற அதே திட்டு,
குரலைத் தணித்துக்கொள்ளாமல்.
நூறு பேரில் நாலு பேர்
நூறு பேரையும் ஜெயித்துக் காட்டவேண்டும் என்று
எந்த அரசாணையில் இருக்கிறது?

அலுவலகத்துக்குச் சாய்தளம் உண்டு.
சென்ற வருஷ நிதியில் கட்டியது,
கல்வெட்டும் இருக்கிறது.
இன்றும் அதில் மூன்று பைக்.
நடுவில் நிற்பது செயல் அலுவலருடையது.

மணி ஒன்பது ஐம்பது.
ஹாரன் அடிக்கிறேன்.
மறுபடி அடிக்கிறேன்.
உள்ளே யாரோ
சாவியைத் தேடுகிறார்கள்.