கடவை

முதல் ஸ்கேனில் எல்லாம் வடிவாயிருக்கு என்றார்கள்.
நாலு அறை. எண்ணிக் காட்டினார்கள்.
நானும் எண்ணினேன்.

கிளிநொச்சியில் இந்த முறை வேறொரு டொக்டர்.
மெலிந்தவர், பெயர்ப்பட்டியில் யசோதினி.
நாலறையோடு நிற்கவில்லை.
கருவியைப் பிள்ளையின் தலைப்பக்கம்
ஒரு நெல்லளவு சரித்தார்.
பிறகு கதைக்கவில்லை.
வெளியே யாரோ இலக்கம் கூப்பிட்டார்கள், பதினேழு, பதினேழு.
வயிற்றில் ஜெல் காயத் தொடங்கியது.

திரையில் சிவப்பும் நீலமும்.
சிவப்பென்றால் நில் என்றுதான் எனக்குப் பழக்கம்.
"இது இங்கால வாற இரத்தம், அது அங்கால போறது."
கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் இரண்டு கோடு கீறினார்.
"இதயத்தால வெளிக்கிடுற ரெண்டு பெரிய குழாயும்
ஒண்டை ஒண்டு குறுக்கறுத்துப் போகவேணும், அம்மா.
உங்கட பிள்ளைக்குப் பக்கத்தில பக்கத்தில போகுது.
ஆயிரக்கணக்கில ஒண்டுக்குத்தான் இப்பிடி."

ஏ ஒன்பதும் தண்டவாளமும்போல, என்றேன்.
பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மாங்குளத்துக்குத் தெற்கே ஒரு கடவையில்
நாட்சம்பளத்துக்குக் கேற் மூடுகிறவள் நான்.
கடக்கிற இடம்தான் கொல்லும்.
எருமைகள், ஒரு லான்ட்மாஸ்ரர்,
ரியூசன் விட்டு வந்த பொடியன் ஒருவன்.
ஏழு வருசமாய் அதற்குத்தான் காவல்.
கடக்காததால் சாகக்கூடிய ஒன்றை
இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

"உள்ளுக்க இருக்கும்வரை ஒண்டுமில்லை.
நீங்கள் மூச்சு விடுறியள், அது காணும்."

பிறந்த பிறகு, இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு சின்ன வழி
சில நாளில் தானாக மூடிக்கொள்ளுமாம்.
மூடவிடாமல் மருந்து ஏற்ற வேண்டுமாம்,
அதற்குள் குழாய்களை மாற்றித் தைத்துவிட வேண்டுமாம்.
அதனால் பிள்ளை கொழும்பில் பிறக்கவேண்டும்.
இங்கே பிறந்தால் நீலம்பாரித்துத்தான் தெரியவரும்.
தெரிந்து ஏற்றினாலும்
அம்புலன்ஸ் அநுராதபுரத்தைத் தாண்டியிருக்காது.

கேதீசன் போனில் முதலில் கேட்டது, காசு எவ்வளவு.
பிறகு, ஆம்பிளைப்பிள்ளையோ.
பிறகு அழுதான், கல்லுடைக்கிற மெசின் சத்தத்துக்குள்.

இரவு ரெயில் இன்றைக்கும் பிந்தித்தான்.
தடியை இறக்கிவிட்டு நிற்கிறேன்.
உள்ளே உதைக்கிறான், உதைக்கிறாள்,
எதுவென்று நான் கேட்கவில்லை.
மூச்சை ஆழ இழுத்து விடுகிறேன், இரண்டு பேருக்கு.
அவள் போகிற மாதம் கேற்றுக்கு ஆர் என்று
மேற்பார்வையாளர் பெட்டிக்கடையில் கேட்டாராம்.

வெளிச்சம் வந்து, போய்,
மண் அதிர்ந்து அடங்குகிறது.
அந்தப் பக்கம் சைக்கிளோடு நிற்பவர் மணி அடிக்கிறார்:
திற பிள்ளை,
திற.