எண்பத்தேழில் ஒன்று

மூவாயிரத்து எழுநூறுக்கு ஒன்று,
கொழும்பில் குறுக்குத் தெருவொன்றில் வாங்கியது.
முப்பத்தோராயிரத்துக்கு மற்றது,
சூரிச்சிலிருந்து மச்சாள் அனுப்பி
சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்து வந்தது.
இரண்டும் எண்ணெய்த் தாங்கிப் பெட்டி. இரண்டும் கறுப்பு.

பார் வீதியில் பல் கட்டும் கடை எனக்கு.
விலை கேட்டுத் தயங்குகிறவரிடம்
'வாய்க்குள்ள ஆரு பார்க்கப் போறா' என்று
மலிவைக் காட்டுகிறவன் நான்.
இரவில் கதவைச் சாத்திவிட்டு
மெழுகு நிறுக்கும் தராசில் பெட்டிகளை வைக்கிறேன்.
முப்பத்தெட்டுக் கிராம்.
நூற்றுப் பன்னிரண்டு.

மலிந்ததன் சில்லு பிளாஸ்டிக்.
வளைவில் கொறிக்கிறது, பல் கூசுகிற மாதிரி.
ஏணி அதன் உடம்பிலேயே வார்த்த தழும்பு;
பின்னால் ஊசி நுழையவும் இடமில்லை.
விலை கூடியதில் ஏணி தனிக் கம்பி.
பிரேக் குழாய், கொக்கி, திருகுச் சக்கரம்,
பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் வாசிக்கலாம்
தொழிற்சாலையின் பெயரை.
ஓடும்போது பேசாது.
தண்டவாள மூட்டில் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான்.

ஆனால் என் மேசை மூன்றடி.
அந்த வளைவில் அதன் குழாய் சில்லில் முட்டி
ஒவ்வொரு சுற்றும் தடம் விட்டு இறங்கியது.
மலிந்தது வெட்கமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

வியாழன், உதயதேவி வந்து நின்றபின்
கடைவாய்ப் பல்லுக்கு அளவு கொடுக்க வந்தான் தவரூபன்.
மட்டக்களப்பு ஸ்டேஷனில் ஷன்டிங் வேலை.
வாய்க்குள் பசை இறுகும்வரை பேச ஏலாது.
மேசையில் கிடந்த இரண்டையும் எடுத்துத் திருப்பினான்.
மலிந்ததை உடனே வைத்துவிட்டான்.
மற்றதன் ஏணியில் நகத்தால் எண்ணி
நான்காம் படியில் நின்று
இல்லை என்று தலையாட்டினான்.
பிறகு வலது கையை விரித்தான்:
உள்ளங்கை நெடுக ஒரு வெள்ளைக் கோடு.

எண்பத்தேழால் பிரித்தால்
ஒரு மில்லிமீற்றர் வரும்.

வாய் கொப்பளித்துவிட்டு
பெட்டியின் விலையைக் கேட்டான்.
பாதியைச் சொன்னேன்.
அதுக்கே விசில் அடித்தான்,
பல் இல்லாத பக்கத்தால் காற்றுப் போனது.

அன்றிரவு கம்பி வெட்டும் குறட்டால்
முப்பத்தோராயிரத்தின் நான்காம் படியை
வெட்டினேன்.
தராசில் வைத்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு.